வாயால் சொல்லாத இரண்டு சொற்கள்

கதையை நான் சொல்லிவிடுகிறேன், தீர்ப்பு உங்களுடையது.

தெற்கே ஒரு தாலுகா ஊரில் செண்பகவல்லி என்று ஒரு பெண். யார் எதை எழுதி அனுப்பினாலும் கேமரா முன் நின்று படித்து, வீடியோவாக்கிக் கொடுப்பது அவள் தொழில். கடைத் திறப்பு, காதுகுத்து அழைப்பு, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் வரும். எழுதியதில் ஓர் எழுத்தை மாற்ற மாட்டாள்; படிக்கும்போது சிரிக்கவும் மாட்டாள். கணவன் இறந்தபின் மகள் மதிவதனியைப் படிக்கவைத்தது இந்த வேலைதான்.

ஒருநாள் யாரோ வேடிக்கைக்காக ஒன்றை எழுதி அனுப்பினார்கள். பச்சைச் சேலையும் மூக்குக் கண்ணாடியுமாக நின்று, அரசாங்க அறிக்கை படிப்பதுபோல் அவள் படித்தாள்: “பக்கத்து வீட்டு முருங்கை மரத்துக்கு. உன் கிளை எங்கள் மொட்டைமாடிப் பக்கம் சாய்ந்திருப்பது தற்செயலா, திட்டமா? விளக்கம் தேவை.” படித்து முடித்து அசையாமல் கேமராவைப் பார்த்தாள்.

ஒரே வாரத்தில் அந்த முகம் மீமாகிவிட்டது. தோற்றுப்போன கிரிக்கெட் அணிக்கும் உப்பில்லாத சாம்பாருக்கும் அவள் முகத்தைப் போட்டு ‘விளக்கம் தேவை’ என்று எழுதினார்கள். அதன்பின் வந்தவை பாதிக்குமேல் கேலி வேலைகள். கொசுவிடமும் அறுந்த செருப்பிடமும் அவள் விளக்கம் கேட்டாள். யார் சிரித்தாலும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தாள்.

மதிவதனியால்தான் தாங்க முடியவில்லை. கல்லூரி வகுப்பில் அவள் பேச எழுந்தாலே பின்வரிசையிலிருந்து அந்த இரண்டு சொற்கள் வரும். ஒருநாள் செமினாரைப் பாதியில் விட்டு வந்தவள், பன்னிரண்டு நாள் கல்லூரிப் பக்கமே போகவில்லை. பிறகு அம்மாவிடம் ஒரு வாக்குக் கேட்டாள்: அந்த இரண்டு சொற்களையும் இனி வாயால் சொல்லக் கூடாது. செண்பகவல்லி அவள் கையில் அடித்து வாக்குக் கொடுத்தாள். மதிவதனி கல்லூரிக்குப் போனாள். கேலியும் மெல்ல அடங்கியது.

அந்த வருஷமே பேச்சித்தாய் என்ற பெண் வந்தாள். அவளுடைய ஊருக்கு வந்த மாலைப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். பள்ளி விட்டு ஐந்து கிலோமீட்டர் காட்டுப் பாதையில் நடக்கப் பயந்து இரண்டு பெண்கள் படிப்பையே நிறுத்திவிட்டார்கள். மூன்று முறை மனு கொடுத்தும் பதில் இல்லை.

“அக்கா, சும்மா படிச்சா யாரும் பாக்க மாட்டாங்க. கடைசில அந்த ரெண்டு வார்த்தையச் சொல்லுங்க” என்றாள்.

செண்பகவல்லி தன் வாக்கைப் பற்றிச் சொன்னாள். ஆனால் வேலையை மறுக்கவில்லை. மகளிடம் ஒன்றும் சொல்லாமல், அதே பச்சைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். பேருந்து நின்ற தேதி, மனு கொடுத்த தேதிகள், படிப்பை நிறுத்திய பெண்களின் வகுப்பு எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தாள். முடித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு ஐந்து விநாடி கேமராவையே பார்த்தாள்.

அவள் சொல்லாமல் விட்ட இடத்தை, பார்த்தவர்கள் நிரப்பினார்கள். வீடியோவின் கீழே ஆயிரக்கணக்கில் ‘விளக்கம் தேவை’. பத்தாம் நாள் பேருந்து மறுபடி ஓடியது. மதிவதனியின் வகுப்பில் கேலியும் மறுபடி தொடங்கியது.

“நீ வாக்கை மீறிட்டம்மா” என்றாள் மகள்.

அந்தச் சொற்கள் தன் வாயிலிருந்து வரவே இல்லை, ஆகவே வாக்குக் காப்பாற்றப்பட்டது என்றாள் செண்பகவல்லி. நன்றி சொல்ல வந்திருந்த பேச்சித்தாயோ, பிள்ளைகள் படிப்பைவிட எந்த வாக்கும் பெரிதில்லை, வாய்விட்டே சொல்லியிருக்கலாம் என்றாள்.

இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: மகள் சொன்னதே சரி. அவள் கேட்டது நாக்குக்குக் காவல் அல்ல, வகுப்பில் தலைநிமிர்ந்து உட்கார ஓர் இடம். சேலையைத் தேர்ந்தெடுத்தபோதும் ஐந்து விநாடி காத்திருந்தபோதும், ஊர் என்ன சொல்லும் என்று செண்பகவல்லிக்குத் தெரியும். பேச்சித்தாய் சொன்னதில் பாதி சரி: வீடியோ வேண்டியதுதான். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவள் மதிவதனி. அவளிடம் கேட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்தபின் செண்பகவல்லியே மகளிடம் போய், “மீறினது மீறினதுதான். இன்னொரு ஊருக்கு பஸ் நின்னாலும் மீறுவேன். ஆனா உங்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்” என்றாள். மதிவதனி சரி என்று சொல்லவில்லை. மறுநாள் காலை வகுப்பில் முதல் ஆளாக எழுந்து, முன்பு பாதியில் விட்ட அதே செமினாரை எடுத்தாள். பின்வரிசை அடங்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து முடித்தாள்.