பத்துக் குதிரை எஞ்சின்

வீரபாகு போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று, ஆசிரமத்தில் சீடராகச் சேர்ந்தவர். குரு தாயம்மாளைவிட வயதில் மூத்தவர். வேலை போனாலும் அந்தப் போலீஸ் புத்தி போகுமா? பிரசாதம் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துத்தான் வாயில் போடுவார்.

மலைமேல் குடிசையில் ஆறு மாதம் தவமிருந்துவிட்டு அன்று காலைதான் இறங்கியிருந்தார்.

"அம்மா, கோபம் அத்துப்போச்சு. அங்க ஒருநாள்கூட வரல. நாளைக்கு எனக்குக் காவி கொடுத்துரணும்."

அந்தக் காவிக்காக அவர் வருடக்கணக்கில் ஏங்கிக் கிடந்தார்.

"பார்ப்போம் ஐயா" என்றார் தாயம்மாள்.

தோட்டத்தில் புது டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மேல்தொட்டியில் தண்ணீர் நூல்போல விழுந்தது. வீரபாகுவுக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

எஞ்சினைப் பொருத்த வந்திருந்த மெக்கானிக் சூசையைக் கூப்பிட்டார். "பிளேட்ல பத்து ஹெச்.பி., பத்துக் குதிரை சக்தின்னு போட்டிருக்கு. எனக்கு நம்பிக்கை இல்ல. அளந்து காட்டும் வே."

சூசை எஞ்சின் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றினார். ஒரு முனையில் எடைக்கல், மறுமுனையில் ஸ்பிரிங் தராசு. கயிறு இறுக இறுக எஞ்சின் முக்கி முனகியது. இழுப்பையும் சக்கரத்தின் சுற்றையும் வைத்துக் கணக்குப் போட்டார். எட்டுதான் வந்தது.

"ரெண்டு குதிரையை எங்க வே மேய விட்டீரு?"

"பிளேட்டும் பொய்யில்ல ஐயா. கம்பெனியில ஃபேன், ஏர் ஃபில்டர், சைலன்சர் எல்லாத்தையும் கழட்டிட்டு வெறும் எஞ்சினை ஓட்டி அளந்திருக்காங்க."

"கழட்டும். பார்த்துருவோம்."

கழற்றினார். சத்தத்தில் காது கிழிந்தது. கணக்கில் பத்து வந்தது.

வீரபாகு அவரை மேலும் கீழும் பார்த்தார். "கம்பெனிக்காரனுக்கும் உனக்கும் என்னலே கூட்டு?"

"நான் என்ன ஐயா பண்ணேன்? பூட்ட வந்தவன்..."

"இப்படி எத்தனை கதை ஸ்டேஷன்ல கேட்டிருப்பேன்." சூசையின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூணோடு சேர்த்து நிறுத்தினார். பாவம், அந்த மனுஷர் ஸ்பேனரும் கையுமாகத் தூணில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

தாயம்மாள் வந்து எஞ்சினை நிறுத்தினார்.

"என்ன ஐயா விஷயம்?"

"மோசடிம்மா. சுமக்க வேண்டியதையெல்லாம் கழட்டி வெச்சுட்டு அளந்திருக்கானுவ. இங்க எஞ்சின் தனியாவா ஓடப்போகுது? ஃபேனும் சைலன்சரும் கூடவேதானே இருக்கும்? அப்படி அளந்தது ஒரு அளவா?"

"இல்லைதான்."

தாயம்மாள் கழற்றிக் கிடந்த ஃபேனையும் சைலன்சரையும் பார்த்தார். பிறகு கேட்டார்.

"மலைக் குடிசையில உங்களோட யாரு இருந்தா?"

"யாருமில்லம்மா. ஈ காக்கா கிடையாது. நான் மட்டும்தான்."

சொல்லிவிட்டு வீரபாகு தாயம்மாளின் முகத்தையே பார்த்தார். அந்தக் கேள்வியிலும் அவருக்குச் சந்தேகம்.

"ஏம்மா கேக்கிறீங்க? நாளைக்குக் காவி உண்டுதானே?"

"முதல்ல அவர் சட்டையை விடுங்க" என்றார் தாயம்மாள்.