காற்று: இல்லை

“மேடம், இந்த வளையத்தை என்ன பண்றது?”

சென்னியப்பன் உள்ளங்கையை விரித்தான். அலுமினிய வளையம். எண் 141.

“உன் கால்ல மாட்டிக்க.”

தாட்சாயணி வளையத்தைப் பார்க்கவில்லை. அவன் மேசைமேல் கிடத்தியிருந்த பாறுக் கழுகுக் குஞ்சைப் பார்த்தார். அதன் கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கியது.

மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளைக் கொன்றது. அந்தக் காட்டில் மூன்று கூடுகள் மிஞ்சின. இருபது வருடத்தில் அவை பத்தொன்பதாயின. கூட்டுக்கு வருடம் ஒரே ஒரு குஞ்சு. மரமேறி அதன் காலில் எண் போட்ட வளையம் பூட்டி, பிழைக்கிறதா என்று கவனிப்பதுதான் அவர்கள் வேலை. அதை அவன் கற்றது தாட்சாயணியிடம்.

“எப்படி விழுந்துச்சு?”

“கிளையில கை வெச்சேனுங்க. என்னைப் பாத்ததும் கூட்டு ஓரத்துக்குப் போச்சு. குதிச்சிருச்சு. இறக்கையை விரிச்சுது மேடம். பறக்க வரல.”

“எத்தனை நாள் குஞ்சு?”

“எண்பத்தாறு.”

“தாய்?”

“பக்கத்துக் கிளைல இருந்துச்சு. நான் இறங்கி வர்ற வரைக்கும் காலிக் கூட்டையே பாத்துட்டு இருந்துச்சு.”

தாட்சாயணி பதிவேட்டை அவன் பக்கம் தள்ளினார்.

“எழுது.”

அவன் பேனாவை எடுத்தான். எழுதவில்லை.

“காரணம்னு ஒரு கட்டம் இருக்குங்களே.”

“இருக்கு.”

“நான் ஏறினதாலன்னு எழுதினா, மறுபடி மரமேற அனுமதி குடுப்பாங்களா?”

“குடுக்க மாட்டாங்க. உன் வேலை போகும். என்னையும் கேள்வி கேப்பாங்க.”

“எங்க வீட்டுல இப்பத்தானுங்க ஒருத்தன் வேலைக்கு வந்திருக்கேன்.”

“அப்ப பழைய பக்கத்தைப் பாரு. நான் எப்படி எழுதியிருக்கேனோ அப்படி எழுது.”

அவன் புரட்டினான்.

‘கீழே விழுந்தது. காரணம்: காற்று.’

மூன்று வெவ்வேறு வருடங்களில் மூன்று குஞ்சுகள். மூன்றும் தாட்சாயணியின் கையெழுத்து.

வயது: 84 நாள். 88 நாள். 91 நாள்.

அதே வரிசையில் வானிலைக் கட்டம் இருந்தது. அதை மரமேறுவதற்கு முன்பே, அடிமரத்தில் நின்று எழுதிவிடுவது வழக்கம். காரணத்தை எழுதுவது இறங்கிய பிறகு.

காற்று: இல்லை.

காற்று: இல்லை.

காற்று: இல்லை.

அவன் முதல் குஞ்சின் பக்கத்துக்குத் திரும்பி வந்து மறுபடி படித்தான்.

“மேடம்.”

“ம்.”

“போன வாரம் பூரா இதைத்தானுங்க படிச்சேன். எத்தனை நாள் வரைக்கும் குஞ்சு ஆளைப் பாத்துக் குதிக்காது, ஏறலாம்னு பாக்கறதுக்கு.”

தாட்சாயணி குஞ்சின் தொங்கிய கழுத்தை நேராக்கி வைத்தார்.

“ஆள் ஏறினதால ஒரு குஞ்சுகூட விழலைன்னு இருந்துச்சு. தொண்ணூறு நாள் குஞ்சுகூடக் காத்துலதான் விழுந்துச்சுன்னு இருந்துச்சு. வானிலைக் கட்டத்தை நான் பாக்கல. அது என் தப்பு.”

வெளியே ஜீப் ஒன்று வந்து நின்றது. யாரோ இறங்கிக் கதவைச் சாத்தினார்கள். இருவரும் திரும்பவில்லை.

“இதை நம்பித்தானுங்க ஏறினேன்,” என்றான்.

பிறகு எழுதினான். நிறுத்தாமல் எழுதினான்.

‘வளையம் 141. பூட்டவில்லை. வயது 86 நாள். காற்று: இல்லை. காரணம்: வளையம் போட நான் ஏறினேன். குஞ்சு குதித்துவிட்டது. — சென்னியப்பன்.’

பதிவேட்டைத் திருப்பி வைத்தான். தாட்சாயணி படித்தார். நான்கு வரிதான். படிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

“பேனாவைக் குடு.”

தன் வரிகளை அடித்துவிடுவார் என்றுதான் அவன் நினைத்தான். கொடுத்தான்.

அவர் பின்னோக்கிப் புரட்டினார். பதினாறு வருடம் பின்னால் போய், முதல் ‘காற்று’ இருந்த பக்கத்தில் நிறுத்தினார்.

“அதுவும் இறக்கையை விரிச்சுது,” என்றார்.

அந்தச் சொல்லை அடித்தார்.