நான்கு டையோடும் ஒரே திசையும்

திருச்சி தில்லைநகரில் எங்கள் அடுக்ககம். இருபத்து நான்கு வீடு, நான்கு முட்டாள்கள். ஆறு வீட்டுக்கு ஒருவர் என்று பார்த்தால் அதிகமில்லை. அந்த ஒருவர் என் வீட்டில் இருக்கிறார் என்பதுதான் என் வருத்தம்.

என் வீட்டுக்காரர் அகஸ்டின் கிட்டார் வாசிப்பார். மாடிவீட்டு வைத்தியநாதன் கீபோர்டு, எல்லாருக்கும் வைத்தா. எதிர்வீட்டு தாவூத் பாய்க்குச் செருப்புக்கடை, சாயங்காலமானால் பேஸ் கிட்டார். நாலாவது, இன்சூரன்ஸ் ஏஜென்ட் தனுஷ்கோடி. அவர் கையிலும் ஒரு கிட்டார் இருக்கும். நால்வருக்கும் ஐம்பது தாண்டியாயிற்று. குழுவுக்கு 'நாலு திசை' என்று பெயர். பேர் வைத்த நேரம் சரியில்லை, பின்னால் தெரியும்.

மூளை இல்லாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். சொன்னதை அப்படியே செய்வார்கள், அவ்வளவுதான். "மழை வந்தா கொடியில இருக்கற துணியை எடுத்துடுங்க" என்று இவரிடம் சொல்லிவிட்டு மார்க்கெட் போனேன். திரும்பி வந்தால், கொட்டுகிற மழையில் துணி அத்தனையையும் மார்போடு அணைத்துக்கொண்டு மாடியில் நிற்கிறார். "எடுக்கத்தானே சொன்னே ஜெசிந்தா, உள்ள கொண்டு வரச் சொல்லலையே?"

இந்த நால்வரும் வாசித்துப் பழகுவது கீழே கார் நிறுத்துகிற இடத்தை ஒட்டியிருக்கும் மோட்டார் ரூமில். அதற்குத்தான் ஆபத்து வந்தது.

செக்ரட்டரி புஷ்கலா மேடம் ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். நோட்டீஸ் போர்டில் கமா, முற்றுப்புள்ளி சுத்தமாக எழுதி ஒட்டிவிட்டார்: 'ஆண்டு விழாவில் நாலு திசை குழு ஒரு பாட்டு வாசிக்கலாம். பாட்டு முடிவதற்குள் ஒரே ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்தாலும், மோட்டார் ரூம் அன்றோடு பறிமுதல்.' போன வருஷம் பாதிப் பாட்டில் எழுந்து போன பதினேழு பேரில் மேடம்தான் முதல் ஆள்.

"போனாப் போகுது" என்றார் இவர். "நம்ம வீட்டு ஹால் இருக்கே."

என் ஹாலில் நான்கு ஸ்பீக்கர், நான்கு ஆள், நாற்பது டம்ளர் காபி! அன்றைக்கே முடிவு செய்தேன்: இந்த முட்டாள்களை ஜெயிக்க வைக்காமல் விடுவதில்லை.

ஜனங்கள் எழுந்து போகாமல் இருக்க வேண்டுமென்றால் யாரும் கேட்காத சத்தம் வேண்டும் என்று நால்வரும் தீர்மானித்தார்கள். சிங்காரத்தோப்பில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் கனகசபையிடம் போனார்கள். அவர் சொன்னது ரிங் மாடுலேட்டர். கிட்டார் ஒயரை அந்த டப்பாவுக்குள் விட்டால், வெளியே கிட்டார் சத்தம் வராதாம். வெண்கலப் பாத்திரத்தைத் தட்டினது போல மணி மணியாக வருமாம். காலால் மிதித்தால் வேலை செய்யும். மின்சாரத்தை ஒரே பக்கமாக விடுகிற நாலு டையோடு, சுண்டுவிரல் சைஸில் ரெண்டு டிரான்ஸ்ஃபார்மர், வீட்டிலேயே செய்துவிடலாம்.

நால்வரும் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டதில் கனகசபை நொந்துபோய், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து ஷட்டரை இறக்கிவிட்டார். தாளை நான்தான் சத்தமாகப் படித்தேன்.

'ஒன்று: நாலு டையோடையும் வட்டமாக வைக்கவும். நாலும் ஒரே திசை பார்க்க வேண்டும்.'

அங்கேயே நின்றது வேலை.

"எந்தத் திசைன்னு எழுதலையே?" என்றார் வைத்தா.

"திசையை விடுங்க சார்" என்றார் தனுஷ்கோடி. "வட்டமா நின்னா நாலு பேரும் எப்படி ஒரே திசையைப் பாக்க முடியும்? அதைச் சொல்லுங்க."

"நின்னுதான் பாப்போமே" என்றார் இவர்.

நால்வரும் கீழே இறங்கி, தண்ணீர்த் தொட்டி மூடியைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். எல்லோரும் கிழக்கே பார்த்தார்கள். தாவூத் பாய் முகத்துக்கு நேரே வைத்தாவின் முதுகு. வைத்தா முகத்துக்கு நேரே காம்பவுண்டுச் சுவர்.

"இது வட்டம் இல்லை, பஸ் ஸ்டாப்" என்றார் தாவூத் பாய், ரொம்ப யோசித்து. "ஒவ்வொருத்தரும் முன்னாடி இருக்கறவர் முதுகைப் பாருங்க. பாத்துக்கிட்டே நடங்க. அப்போ நாலு பேரும் ஒரே பக்கம்தானே போறோம்?"

"அட! பாய், நீங்க செருப்பு விக்க வேண்டிய ஆளே இல்லை!"

"முன்னாடி போறவர் நின்னா, பின்னாடி வர்றவர் நிக்கணும். அதுதான் ரூல்."

நடந்தார்கள். வட்டத்தில் முதல் ஆள் என்று யாருமில்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. மூன்றாம் மாடி விசாலம் மாமி காய் வாங்கிக்கொண்டு வந்தவர், பார்த்தார், செருப்பைக் கழற்றினார், எதற்கும் இருக்கட்டும் என்று தானும் மூன்று சுற்றுச் சுற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு மேலே போனார். வாட்ச்மேன் ஒரு சூடம் ஏற்றி வைத்துவிட்டார்.

நான் பால்கனியிலிருந்து "காபி!" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். நால்வரும் ஒரே நொடியில் நின்றார்கள்.

அப்படித்தான் டையோடுகளையும் வைத்தார்கள், ஒன்றின் வாலைப் பார்த்து இன்னொன்றின் தலை. சரியாகத்தான் வைத்தார்கள். அதுதான் எரிச்சல்.

'இரண்டு: இந்த டையோடு சூடு தாங்காது. சூடு ஏறாமல் சால்டர் வைக்கவும்.'

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சிலிருந்து திரும்பினேன். அடுக்களையில் இவர் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டுக்கொண்டு, ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டு நிற்கிறார். கையில் புகைகிற சால்டரிங் அயர்ன். பின்னால் தனுஷ்கோடி டார்ச் அடிக்கிறார். வைத்தா ஐஸ் கட்டியால் ஒவ்வொரு டையோடுக்கும் ஒற்றடம் கொடுக்கிறார். தாவூத் பாய் மட்டும் பொறுப்பாக என் வஞ்சிர மீனை வெளியே எடுத்து ஜன்னலில் வெயில் படும்படி வைத்திருந்தார்.

"மீனை ஏன் பாய் வெளிய வெச்சீங்க?"

"சூட்டுக்குப் பக்கத்துல இருந்தா கெட்டுடும்மா."

மீனை ஜன்னலிலிருந்து எடுத்தேன். ஹாலை நினைத்துக்கொண்டேன். டையோடுகள் ஒட்டிக்கொண்டன. மீதி இருந்த சாம்பாரில் மூன்று நாள் ரேடியோ வாசனை அடித்தது.

'மூன்று: டப்பாவுக்குள் ரெண்டு சத்தம் போக வேண்டும். ஒன்று கிட்டார். இன்னொன்று, பாட்டு முடியும்வரை நிற்காமல் ஒரே சுதியில் ஒலிக்கிற ஏதாவது ஒரு சத்தம்.'

கனகசபை மனசில் நினைத்தது ஒரு சின்ன சர்க்யூட்டாக இருக்கும். எழுதியது 'ஏதாவது'. இவர்கள் தேடக் கிளம்பினார்கள். என் மிக்ஸியை ஓடவிட்டார்கள். ரெண்டு நிமிஷத்தில் புகைந்தது. குக்கர் விட்டு விட்டுக் கத்துகிறது, சேராது. வைத்தாவின் மனைவி அவரைத் திட்டுவது நிற்காதுதான், ஆனால் சுதி ஏறிக்கொண்டே போகிறது.

"நம்ம தண்ணி மோட்டார்!" என்றார் தனுஷ்கோடி. "பல்லவியில என்ன சுதியோ சரணத்துலயும் அதே சுதி. சங்கீத வித்வான்கூட அப்படி நிக்க மாட்டார்."

மோட்டார் பக்கத்தில் ஒரு மைக்கை வைத்து ஒயரை இழுப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

கடைசியில் கனகசபை கட்டம் போட்டு எழுதியிருந்தார்: 'ரெண்டு சத்தத்தில் ஒன்று நின்றாலும் வெளியே எதுவுமே வராது. பயப்பட வேண்டாம். மெஷின் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.' அதைப் படித்தபோது அதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது எனக்கு.

சர்க்யூட்டை என் முறுக்கு டப்பாவில் அடைத்தார்கள். 'பெடலைக் காலால் மட்டுமே இயக்கவும்' என்றும் தாளில் இருந்ததால், இரண்டாம் மாடியிலிருந்து கீழே காலாலேயே தள்ளிக்கொண்டு போனார்கள். முக்கால் மணி நேரம். லிஃப்ட் பட்டனைத் தனுஷ்கோடி கட்டைவிரலால் அமுக்கினார். கால் கட்டைவிரல்.

விழா நாள். சாயங்காலம் நாலரை மணி. கார்களை வெளியே எடுத்துவிட்டு நாற்காலி போட்டிருந்தது. மேடை உயரமாகப் போட்டிருந்தார்கள், தண்ணீர் போகிற சாக்கடைத் துவாரத்துக்கு நேர் மேலே. புஷ்கலா மேடம் முன்வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார், பக்கத்து நாற்காலியில் நான்.

நால்வரும் தங்கள் ஒயர்களை அந்த ஒரே டப்பாவுக்குள் சேர்த்துச் சொருகினார்கள். மோட்டார் ஓடத் தொடங்கியது. இவர் டப்பாவை மிதித்தார்.

என்ன சொல்ல? எவர்சில்வர் அண்டாவைப் படிக்கட்டில் உருட்டிவிட்டு, பின்னாலேயே மூடியையும் உருட்டிவிட்டது போல இருந்தது. ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. முதல் ஐந்து நிமிஷம் திகைப்பில் எழவில்லை.

அதற்குள் மொட்டைமாடித் தொட்டி நிரம்பிவிட்டது. மோட்டார்தான் சுதியாயிற்றே, நிறுத்துவார்களா? வழிகிற குழாய் கீழே கார் நிற்கிற இடத்தில்தான் வந்து முடிகிறது. துவாரத்தை மேடை அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கணுக்கால்வரை ஏறியது. பட்டுப்புடவைகள் அத்தனையும் பாதங்களோடு நாற்காலிக்கு மேலே ஏறின. எண்பது பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இறங்கினால் ஜரிகை நனையும். ஒருவரும் எழுந்திருக்கவில்லை!

எனக்குச் சிரிப்பு வந்தது. பாட்டு முடிந்தால் போதும், ஹால் பிழைத்தது.

பாட்டு முடியவில்லை. பத்து நிமிஷம் என்றார்கள், இருபத்தைந்து ஆயிற்று. நால்வரையும் உற்றுப் பார்த்தேன். இவர் வைத்தாவைப் பார்க்கிறார். வைத்தா பாயைப் பார்க்கிறார். பாய் தனுஷ்கோடியை. தனுஷ்கோடி இவரை. முன்னாடி போகிறவர் நின்றால்தானே பின்னாடி வருகிறவர் நிற்பார்!

"காபி!" என்று கத்தினேன். அண்டா சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தண்ணீர் முழங்காலை நோக்கி வருகிறது. மோட்டாரை நிறுத்தியாக வேண்டும். ஆனால் நான் எழுந்தால் பந்தயம் போச்சு.

எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் இரண்டு கையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, காலைத் தண்ணீரில் இறக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே நாற்காலியோடு தவளை மாதிரி நகர்ந்தேன்.

புஷ்கலா மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். என் காது பக்கம் குனிந்து கத்தினார். "மிசஸ் அகஸ்டின், முதுகு சாய்மானத்துல படணும்!"

"பட்டுக்கிட்டுத்தான் இருக்கு மேடம்!"

"நாற்காலிக்கும் உங்களுக்கும் நடுவுல காத்து போகக் கூடாது!"

கான்வென்டில் பதினொரு வருஷம் படித்தவள், பச்சைப் பட்டுப்புடவையில், பிளாஸ்டிக் நாற்காலியோடு மூன்று வரிசை தாண்டி மோட்டார் ரூமுக்குப் போய்ச் சேர்ந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, வாசலில் உயரமாக இருந்த சிவப்புப் பட்டனை, அங்கே மாட்டியிருந்த குடைக் காம்பால் அமுக்கினேன்.

மோட்டார் நின்றது. உடனே எல்லாச் சத்தமும் நின்றது. நாலு பேரும் உயிரைக் கொடுத்து வாசிக்கிறார்கள், ஸ்பீக்கரில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை.

இவர் முகம் மலர்ந்தது. "வைத்தா! கேட்டியா? ஒண்ணுமே வரலை!"

"கனகசபை எழுதினது அப்படியே நடக்குது! இப்போதான் மெஷின் நல்லா வேலை செய்யுது!" என்றார் வைத்தா, கண் கலங்க.

நான் "காபி!" என்றேன். நால்வரும் ஒரே நொடியில் நிறுத்தினார்கள்.

எண்பது பேரும் நாற்காலிமேல் சம்மணம் போட்டபடியே கைதட்டினார்கள். புஷ்கலா மேடம் நோட்டைப் பார்த்தார். "எழுந்தவர்கள்: இல்லை" என்று படித்தார். அவருக்கு வருத்தம்தான், ஆனால் விதி விதிதான். "மோட்டார் ரூம் உங்களுக்கே. அப்புறம் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பாட்டுல அந்தக் கடைசிப் பகுதி ரொம்ப நல்லா இருந்தது. இனிமே அதையே வாசிங்க."

மேடம் சொன்னதை அப்படியே செய்கிறார்கள். தினமும் மூன்று மணிக்கு மோட்டார் ரூமுக்குப் போகிறார்கள். ஓடாத மோட்டார் பக்கத்தில் மைக்கை வைக்கிறார்கள். டப்பாவைக் காலால் மிதித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு துளி சத்தம் வராமல் இரண்டு மணி நேரம் வாசிக்கிறார்கள். என் ஹாலும் அமைதி, அடுக்ககமும் அமைதி.

நேற்று காபி கொண்டு போனேன். தனுஷ்கோடி சுதி விலகிவிட்டார் என்று ஒரே சண்டை. இவர் என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்து, ஸ்பீக்கர் பக்கம் குனிந்து, வால்யூமைப் பாதியாகக் குறைத்தார்.

"மேடம் தூங்கற நேரம், பாவம்."