சந்தனப் பொட்டும் பதினோரு திருகும்

ஒரு ஊர்ல ஒரு கேம் பெட்டி இருந்துச்சாம். தூத்துக்குடியில, செண்பகம் வீட்டு டிவிக்குக் கீழ. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குத்தான் அதுக்கு உசுரு வரும். ஏன் தெரியுமா? செண்பகத்தோட வீட்டுக்காரர் அய்யாதுரைக்கு வெளிநாட்டுல, கடலுக்குள்ள எண்ணெய் எடுக்குற இடத்துல வேலை. கரைக்கு வந்தா அவரு அங்கேருந்தும் மக மகிழினி இங்கேருந்தும் கார் ரேஸ் ஓட்டிக்கிட்டே பேசுவாங்க. போன்லன்னா அந்த மனுசன் "சாப்டியாம்மா? சரி, வச்சிரட்டா?" மூணே வார்த்தைதான். கை காரை ஓட்டினாத்தான் அவருக்கு வாய் திறக்கும். பல்லு விழுந்தது, பூனை குட்டி போட்டது, அம்புட்டும் கேப்பாரு. ம் சொல்லு.

அப்போ ஒரு சனிக்கிழமை, மறுநாள் ஆட்டத்துக்காகப் போட்டுப் பார்த்தா, பெட்டி நின்னுபோச்சு. போட்டா 'கர்ர்ர்'னு முனகும், நூறு எண்ணுறதுக்குள்ள 'டொப்'. தொட்டா தோசைக்கல்லு மாதிரி சுடும். திங்கக்கிழமை அவரு கடலுக்குள்ள போயிட்டா மூணு மாசம் ஆட்டமும் இல்ல, பேச்சும் இல்ல. கடைக்காரரோ பத்து நாள் ஆகும்னுட்டாரு.

மகிழினி தட்டிப் பார்த்தா, 'டொக் டொக்'. முனகுச்சு, 'டொப்'. அப்புறம் செண்பகம் மேசை ஃபேனை எதுக்க வச்சுப் பார்த்தா. நூத்தியிருபது வரைக்கும் எண்ணினா, 'டொப்'.

"யம்மா, நீ திறந்து பாரேன்."

"ஆத்தாடி! நான் தையல் மிசினைத்தான் திறந்திருக்கேன்."

"அதுவும் மிசினு, இதுவும் மிசினு."

அப்புறம் செண்பகம் பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆற விட்டு, தையல் மிசினோட குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தா. கழட்டுற திருகை எங்க வைக்கிறது?

"இட்லித் தட்டுல வைம்மா."

"அதுல ஓட்டை இருக்குல்லா, நழுவிரும்."

பன்னெண்டு குழிப் பணியாரக் கல்லை எடுத்தா. முதக் குழியில முத திருகு, 'டிங்'. ரெண்டாவதுல ரெண்டாவது, 'டிங்'. இப்படியே பதினொண்ணு. நீளம் ரெண்டு, குட்டை ஒம்பது. முழிச்சிருக்கியா? ம்.

மூடியைத் தூக்கினா உள்ள ஒரு சின்னக் காத்தாடி. அதுல மஞ்சளா ஒரு கட்டி. செண்பகம் மோந்து பார்த்தா. சந்தனம்! முந்தாநாள் ஆயுத பூசைக்கு மிசினு, கத்திரி, அருவாமனைன்னு எல்லாத்துக்கும் அவதான் பொட்டு வச்சா. புருசன் குரலைக் கொண்டு வர்ற பெட்டியாச்சேன்னு இதுக்கு மட்டும் தாராளமா வச்சா, காத்து போற ஓட்டை மேலயே. அது உள்ள வழிஞ்சு காய்ஞ்சுபோயிருக்கு. ஆசையா வச்ச கைதான் மூச்சை அடைச்சிருக்கு.

செண்பகம் பழைய பல் பிரஷால சுரண்டி, அந்தக் கட்டியைப் பன்னெண்டாவது குழியில வச்சா. அப்புறம் அந்தந்தத் திருகை அந்தந்த இடத்துல முடுக்கினா. பதினோரு குழியும் காலி. பிளக்கைச் சொருகினா. 'உய்ய்ய்ங்...' எண்ணினா. நூறு. இருநூறு. ஐநூறு. நிக்கவே இல்ல.

மறுநாள் நாலு மணி. ரேஸ் நடுவுல அய்யாதுரை கேட்டாரு, "பெட்டியைச் சரி பண்ணது யாரும்மா?"

"அம்மாதான்ப்பா!"

எப்பவும் கதவோரமே நிக்கிற செண்பகம் டிவிகிட்ட வந்தா. "கெடுத்ததும் நாந்தாங்க. சந்தனப் பொட்டு வச்சு அடைச்சுட்டேன்."

அப்புறம் அவரு சிரிச்சாரு பாரு, காரு மரத்துல போய் 'டமார்'! "ஏ செண்பகம், எனக்கு வைக்கிறதா நெனச்சியாக்கும்?"

வெக்கத்துல அவ மறுபடியும் கதவோரம் ஒதுங்கப் போனா. மகிழினி கார் ஓட்டுற ரிமோட்டை அம்மா கையில திணிச்சா. செண்பகம் காரை ஓட்டினா, 'ர்ரூம்'... வேலியில இடிச்சா, திரும்பவும் ஓட்டினா. ஓட்ட ஓட்ட அவளுக்கும் வாய் திறந்துச்சாம்.

பதினோரு திருகும் முடுக்கியாச்சு, கதைக்கும் மூடி போட்டாச்சு. நீயும் கண்ணை மூடு.