வராண்டாவில் நின்ற பெண்

“பிள்ளைங்க பொய் சொல்லிட்டாங்க மேடம்.”

அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக கோமதிநாயகம் சொன்னார்.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர். நரைத்த பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவர். அவருடைய நெறியாளர் ஜெசிந்தா, அவரைவிடப் பத்து வயது இளையவர். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார்.

ஆய்வேடு மாதக் கடைசிக்குள் போயாக வேண்டும். இனி நீட்டிப்பு கிடையாது.

“என்ன பொய்?”

“போன்ல பாடம் படிக்க விருப்பமான்னு கேட்டேன். எல்லாரும் விருப்பம்னு டிக் அடிச்சாங்க. நம்பி, தொண்டை கட்டப் பேசிப் பதிவு பண்ணி ஏத்தினேன். ரெண்டு நிமிஷம் பாக்காங்க. மூடிருதாங்க.”

“ம்.”

“இப்ப நான் ஆய்வேட்டுல என்னன்னு எழுத? விருப்பம் இருக்குன்னா, இல்லைன்னா?”

ஜெசிந்தா தன் கைபேசியை எடுத்துத் தட்டத் தொடங்கினார்.

“நீங்களும் போனைத்தான் பாக்கீங்க!”

“சொல்லுங்க சார். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

கோமதிநாயகம் ஜன்னல்வரை போனார். திரும்பி வந்தார். அறையில் இருந்த இன்னொரு நாற்காலியில் யாருடைய ஆய்வேட்டுக் கட்டுகளோ கிடந்தன. மறுபடி ஜன்னலுக்குப் போனார்.

“கோபம் எதுலன்னா மேடம், அதே பாடத்தை வராண்டாவுல மறிச்சுக் கேக்காங்க. நேத்து முப்பிடாதின்னு ஒரு பிள்ளை. ‘விலை ஏறினா ஏன் சார் தேவை குறையுது?’ங்கா. அதைத்தானே போன்ல அவ்வளவு நேரம் கத்தியிருக்கேன்!”

அவர் சட்டைப் பையில் கைபேசி கிணுங்கியது.

“நான்தான் அனுப்பினேன்,” என்றார் ஜெசிந்தா. “நீங்க கேட்டதுக்குப் பதில்.”

கோமதிநாயகம் எடுத்துப் பார்த்தார். நீளமாக இருந்தது. கட்டைவிரல் மேலே தள்ளியது, தள்ளியது, எங்கும் நிற்கவில்லை. கைபேசி பைக்குள் போனது.

“வாசிச்சாச்சா சார்?”

“பஸ்ல நிதானமா வாசிச்சுக்கிடுதேன் மேடம். இப்ப நீங்க வாயாலேயே சொல்லிருங்க. ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்.”

ஜெசிந்தா தன் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. மீண்டும் அடித்துக்கொண்டது.

“அந்தப் பொண்ணுக்கு என்ன பதில் சொன்னீங்க?”

“எல்லாம் போன்ல இருக்கு, போய்ப் பாருன்னேன்.”

“போயிட்டாளா?”

சொல்ல வாயெடுத்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், அங்கேயே நின்றது.

“இல்ல மேடம்.”

குரல் இறங்கியிருந்தது.

“அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தா.”

ஜெசிந்தா எழுந்தார். நாற்காலியில் இருந்த கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார்.

“உட்காருங்க சார்.”