கன்க்ளூட் சொன்ன பிறகு

ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி மாசிலாமணி பள்ளி விழா மேடையேறும் முன்பே மைக்செட் பிச்சையாவை மிரட்டி வைத்தார். "நான் பேசுறப்ப மைக் செத்துச்சுன்னா இந்தப் பக்கம் உனக்குப் பொழப்பே கிடையாது."

"சாகாதுய்யா" என்றார் பிச்சையா.

வெயிலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு மாசிலாமணி ஆங்கிலமும் போதித்தார். "சபையில ஸ்டாப்னு சொல்லப்படாது. கன்க்ளூட்னு சொல்லணும். சொல்லிட்டா பேச்சு முடிஞ்சது, உட்கார்ந்திரணும். அதுதான் மரியாதை."

பிறகு, "ஐ கன்க்ளூட்" என்றார். கைதட்டல் கேட்டதும் உற்சாகம் பிறந்து தன் முதல் உத்தியோகத்தைச் சொல்லத் தொடங்கினார். மறுபடியும் கன்க்ளூட் சொன்னார், கைதட்டினார்கள், மறுபடியும் தொடர்ந்தார்.

அடுத்த கன்க்ளூட்டுக்கு ஒலிபெருக்கியில் நாட்டுப்பண் ஒலித்தது.

கூட்டமே எழுந்தது. வாயை மூடிக்கொண்டு விறைத்து நின்ற மாசிலாமணி அப்போதுதான் பிள்ளைகளைப் பார்த்தார். நடன வேஷம் போட்ட சிறுமிக்கு மை வழிந்து கழுத்துவரை இறங்கியிருந்தது. மயங்கிய ஒருத்தியை ஒரு டீச்சர் தன் மடியில் சாய்த்திருந்தார். எவ்வளவு நேரமாக இப்படி? மாசிலாமணிக்கு முகம் எரிந்தது.

பாட்டு முடிந்ததும் பிள்ளைகள் தண்ணீர்க் குழாய்க்கு ஓடினார்கள்.

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"நீங்க முடிச்சதும் போடணும்னு பெரிய டீச்சர் சொன்னாங்க. கன்க்ளூட்னா முடிஞ்சதுன்னு நீங்க சொன்னீங்க" என்றார் பிச்சையா. "மைக்கை நான் தொடலைய்யா. உயிரோடதான் இருக்கு. பேசுங்க."

மாசிலாமணி தொண்டையைச் செருமினார். அது மட்டும் காலி மைதானம் முழுக்கக் கேட்டது.