தண்ணீர் நிற்காத சதுப்பு

“மூணு வருஷமா மாடா உழைக்கிறேன் அம்மா. தண்ணி நிக்கவே மாட்டேங்குது!”

போஜன் அரிவாளைத் தரையில் வீசினார். அவருக்கு வயது அறுபத்திரண்டு. குரு அருளாயிக்கு முப்பத்தைந்துதான். ஆனாலும் அவர் அம்மா என்பார், அவள் அண்ணா என்பாள்.

மலை உச்சியில் அந்தச் சதுப்பு. காலங்காலமாகப் புல் மக்கிக் கறுத்த மண். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடை முழுக்கக் கீழே விடும். அதைத்தான் ஒரு காலத்தில் வாய்க்கால் வெட்டி வடியவிட்டு, தண்ணீரை உறிஞ்சும் சீகை மரம் நட்டுத் தொலைத்தார்கள். நட்ட ஆட்களில் போஜனும் ஒருவர்.

இப்போது கீழே அவர் ஊரின் ஊற்று வற்றிவிட்டது. பேத்திகள் குடத்தோடு நாலு மைல் நடக்கிறார்கள். அந்த வயிற்றெரிச்சல் தாங்காமல்தான், மேலே தனியாகத் தவமிருந்த அருளாயியிடம் வந்து வழி கேட்டார்.

“நட்டதைப் பிடுங்குங்க. வெட்டினதை அடைங்க,” என்றாள். அவ்வளவுதான் உபதேசம்.

இன்று அவளே கேட்டாள்.

“மரம்?”

“ஒண்ணு விடல.”

“திரும்ப முளைச்சது?”

“வேரோட பிடுங்கியாச்சு.”

“வாய்க்கால்?”

“பலகை இறக்கி, சேறு அப்பி அடைச்சிட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

போஜன் வேறு பக்கம் பார்த்தார். பாவம், பொய் சொல்லிப் பழகாத மனுஷன்.

“வாங்க, பார்ப்போம்.”

ஒரே ஒரு வாய்க்கால் திறந்து கிடந்தது. அருளாயியின் குடிசையை ஒட்டிப் போகிற வாய்க்கால். மற்ற இடத்தில் தேங்கின தண்ணீரெல்லாம் அது வழியாக ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

“இதை ஏன் விட்டீங்க அண்ணா?”

“அடைச்சா உங்க குடிசைக்குள்ள முழங்கால் தண்ணி நிக்கும். குரு இருக்கிற இடத்தை என் கையால முழுகடிக்கணுமா? என்னால ஆகாதும்மா!” அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அருளாயி விறுவிறுவென்று நடந்தாள். குடிசையின் பலகைக் கதவை இரண்டு கையாலும் பிடித்து, கீலோடு பெயர்த்தாள். தூக்கிவந்து வாய்க்காலுக்குக் குறுக்கே இறக்கினாள். ஏறி நின்று மிதித்தாள்.

ஓட்டம் நின்றது. தண்ணீர் மெல்ல உயர்ந்து வாசற்படியைத் தொட்டது.

“ஐயோ அம்மா! உள்ளே உங்க பாய், அரிசி...”

“சேறு கொண்டாங்க அண்ணா. ஓரத்துல கசியுது.”